சாரம் ஒன்பதா, பத்தா? இணையக் கடை கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே சிக்கலைச் சொல்கின்றன. ஒரே பொருளின் இருப்புக்குக் கடையில் ஒரு எண், இணையத்தளத்தில் ஒரு எண், டராஸ் இணையச் சந்தையில் வேறொரு எண். முதல் கடிதத்துக்கு விரிவாகப் பதில் எழுதியிருக்கிறோம். மற்றவர்களும் அதை வாசித்துவிட்டுத் தங்கள் பதிலுக்கு வந்தால் நல்லது.

கேள்வி: மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சாறியும் விற்கிறோம். கடையில் பில் போட ஒரு மென்பொருள் இருக்கிறது. இணையத்தளம் வூகொமர்ஸ் என்ற இணையக்கடை மென்பொருளில். டராஸிலும் போட்டிருக்கிறோம். மூன்றையும் இணைக்கும் செயலி ஒன்றுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம். ஆனாலும் ஸ்டொக் ஒத்துவருவதில்லை. இரவு இருந்து எண்ணிச் சரிபண்ணிவிட்டுப் படுத்தால், விடியப் பார்க்கும்போது பழைய எண் வந்து நிற்கிறது. போன கிழமை ஒரே சாறியை இரண்டு பேருக்கு விற்றுவிட்டோம். எந்தச் செயலியைத் தூக்க வேண்டும்?
*வாசகி, மருதமுனை*

பதில்: எதையும் இப்போதே தூக்க வேண்டாம், சகோதரி. எண்ணைத் திருத்துவதையும் இரண்டு நாளுக்கு நிறுத்திவையுங்கள். பிழையான எண் ஒரு தடயம். அதன்மேல் சரியான எண்ணை எழுதிவிட்டால், பிழையை எழுதியது யார் என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போகும். அந்த இரண்டு நாளும் ஒன்றே ஒன்று இருக்கும் சாறிகளை மட்டும் டராஸிலிருந்து இறக்கிவையுங்கள். இரட்டை விற்பனை அவற்றில்தான் நடக்கும்.

முதல் வேலை, தளத்தின் இருப்பு எண்ணை மாற்றும் அதிகாரம் யார் யாருக்கு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுவது. தளத்துக்கு வரும் ஓடர்கள், பில் மென்பொருள், இணைப்புச் செயலி, கைபேசியில் வூகொமர்ஸ் வைத்திருக்கும் ஊழியர், எக்செல் தாளில் விலை மாற்றி ஏற்றுபவர் என்று இத்தனை பேரும் எழுதுகிறார்கள். முன்பு பாவித்துக் கைவிட்ட செயலியையும் சேருங்கள். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வூகொமர்ஸ் செட்டிங்ஸில் ‘அட்வான்ஸ்ட்’ பகுதிக்குள் ‘ரெஸ்ட் ஏபிஐ’ என்று ஒரு பக்கம் உண்டு. வெளிச் செயலிகளுக்குக் கொடுத்த ஒவ்வொரு சாவியும், அதற்கு வாசிக்க மட்டும் அனுமதியா எழுதவும் அனுமதியா என்பதும், கடைசியாக எப்போது பாவிக்கப்பட்டது என்பதும் அங்கே வரிசையாகத் தெரியும். கைவிட்டதாக நீங்கள் நினைக்கும் செயலியின் சாவி இன்று காலை பாவிக்கப்பட்டிருந்தால், அந்தச் சாவியை அங்கேயே ரத்துச் செய்யுங்கள். மாதக் கட்டணத்தை நிறுத்தினால் மட்டும் உங்கள் தளத்தில் சாவி ரத்தாகாது.

அடுத்து, இவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். ‘இரண்டு குறைந்தது’ என்று மாற்றத்தைச் சொல்வது ஒரு விதம். ‘இப்போது பத்து’ என்று முழு எண்ணைப் பதிவது இன்னொரு விதம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இந்த இரண்டாவது விதத்தையே காட்டுகின்றன.

நீலக்கரைச் சாரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலை 10.00 மணிக்குப் பில் மென்பொருள் தளத்தைப் பார்த்து 12 என்று குறித்துக்கொள்கிறது. 10.02க்கு டராஸில் ஒன்று விற்கிறது, இணைப்புச் செயலி தளத்தில் 11 ஆக்குகிறது. 10.04க்குக் கடையில் ஒருவர் இரண்டு வாங்குகிறார். பில் மென்பொருளுக்கு டராஸ் விற்பனை தெரியாது. தன்னிடம் இருக்கும் 12இல் இரண்டைக் கழித்து, 10.05க்குத் தளத்தில் 10 என்று பதிகிறது. அலுமாரியில் இருப்பது 9. இல்லாத ஒரு சாரம் விற்பனைக்கு வந்துவிட்டது. ‘இரண்டு குறைந்தது’ என்று மட்டும் சொல்லியிருந்தால் 11இலிருந்து 9 ஆகியிருக்கும். இதில் எந்த மென்பொருளும் தன்னளவில் பிழையாகக் கணக்குப் பார்க்கவில்லை. அதனால்தான் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தொலைபேசி எடுக்கும்போது ‘எங்கள் பக்கம் எல்லாம் சரி’ என்ற பதில் வருகிறது.

விடியும்போது பழைய எண் வருவதும் இதே கோளாறின் பெரிய வடிவம். பல இணைப்புச் செயலிகள் பகலில் சிறு மாற்றங்களை அனுப்பிவிட்டு, நாளுக்கு ஒருமுறை எல்லாப் பொருள்களின் எண்ணையும் மொத்தமாகப் பதிகின்றன. நீங்கள் இரவில் தளத்தில் திருத்துகிறீர்கள். செயலி, பில் மென்பொருளிலிருந்து எடுத்த பழைய எண்களை அதன்மேல் கொட்டுகிறது. எண் மாறும் நேரத்தைக் கவனியுங்கள். நாள்தோறும் அதிகாலை 5.30க்கு மாறினால், அது உலக நேரப்படி (யூடிசி) நள்ளிரவு 12 மணி. நமது நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே. செயலிகளின் பதிவேடுகள் பெரும்பாலும் உலக நேரத்திலேயே எழுதப்படுவதால், அவற்றில் 18.30 என்று கண்டால் இங்கே அது நள்ளிரவு. இதைக் கழித்துப் பார்க்காமல் ‘அந்த நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லையே’ என்று தேடுபவர்கள் தவறான நாளின் பக்கத்தையே புரட்டுகிறார்கள்.

எக்செல் ஏற்றுபவரையும் விட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமை பொருள் பட்டியலை இறக்கி, விலையைத் திருத்தி, புதன்கிழமை திரும்ப ஏற்றினால், இருப்பு நிரலில் திங்கட்கிழமை எண்ணே இருக்கும். இரண்டு நாள் விற்பனை அழிந்துபோகும். பெருநாளுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் விலைக்கழிவு போடும் கிழமைகளில் இது நிறைய நடக்கிறது. இறக்கும்போதே குறியீடு, விலை நிரல்களை மட்டும் தெரிவுசெய்யுங்கள். முழுப் பட்டியலும் இறங்கியிருந்தால், ஏற்றும்போது இருப்பு நிரலுக்கு எதிரே ‘டூ நொட் இம்போர்ட்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

பொருளின் திருத்தும் பக்கத்தைக் காலையில் திறந்து வைத்துவிட்டு மதியம் ‘அப்டேட்’ அழுத்துவதும் இதே ஆபத்துத்தான் என்று தோன்றும். அங்கே வூகொமர்ஸே காவல் வைத்திருக்கிறது. இடையில் எண் மாறியிருந்தால் இருப்பைப் புதுப்பிக்க மறுத்து, இப்போது எத்தனை இருக்கிறது என்று செய்தி காட்டும். அந்தச் செய்தி அடிக்கடி வந்தால், வேறு யாரோ அதே பொருளில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

இனிச் சோதனை. மெதுவாக விற்கும், நிறைய இருக்கும் பொருள் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள், ஒரு துவாய் போதும். இந்த ஒரு பொருளுக்கு மட்டும் எல்லா இடத்திலும் 40 என்று வையுங்கள். பிறகு கடைப் பில்லில் 4, தளத்தில் 2, டராஸில் 1 விற்கச் செய்யுங்கள். டராஸ் வாங்கல் உண்மையானதாகவே இருக்கட்டும், ஒரு உறவினர் வாங்கினால் போதும். சோதனைக்காக ஓடர் போட்டு ரத்துச் செய்யும் பழக்கம் விற்பனையாளர் மதிப்பீட்டுக்கு நல்லதல்ல. ஒவ்வொரு விற்பனைக்கும் இடையில் அரை மணித்தியாலம் விடுங்கள்.

எல்லா இடத்திலும் 33 நிற்க வேண்டும். 34 என்றால் டராஸின் ஒன்று வந்து சேரவில்லை. 35 என்றால் தளத்தின் இரண்டு. 37 என்றால் கடைப் பில்லின் நான்கு. 31 நின்றால் தளத்தின் விற்பனை இருமுறை கழிந்திருக்கிறது. 29 என்றால் கடையின் விற்பனை. எண்களை 1, 2, 4 என்று எடுத்ததற்குக் காரணம் இதுதான்: எந்த இரண்டைச் சேர்த்தாலும் மூன்றாவது வராது, ஆகவே விடுபட்ட தொகையே யாருடையது என்று காட்டிவிடும். மூன்றிலும் ஒவ்வொன்று விற்றுப் பார்த்தால் எது விடுபட்டது என்று தெரியாது. அடுத்த நாள் காலை மறுபடி பாருங்கள். இரவு 33 ஆக இருந்தது விடிய 40 ஆகியிருந்தால், மொத்தமாகக் கொட்டும் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

தளத்துக்குள் நடந்ததைப் பார்க்க, ஓடர் பக்கத்தின் வலப்புறக் குறிப்புகளைத் திறவுங்கள். எந்தப் பொருள் எத்தனையிலிருந்து எத்தனையாகக் குறைந்தது என்று அங்கே எழுதியிருக்கும். அது ஓடர் வழியாகக் குறைந்ததை மட்டுமே காட்டும். வெளிச் செயலி எழுதியது அங்கே வராது. அதற்கு இருப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் தனிச் செருகுநிரல் (பிளகின்) ஒன்று தேவை. இணைப்புச் செயலிகளை நம்பி வியாபாரம் செய்யும் எந்தக் கடைக்கும் அது அவசியம் என்பது எங்கள் கருத்து.

திருத்தம் ஒன்றுதான். இருப்பு எண்ணுக்கு ஒரே ஒரு உரிமையாளர் இருக்க வேண்டும். மற்ற எல்லாம் விற்றதை அவரிடம் அறிவித்துவிட்டு, அவர் சொல்லும் எண்ணை வாங்கிக் காட்ட வேண்டும். யாரை உரிமையாளராக்குவது? தறியிலிருந்து புதிய சரக்கு வரும்போது அதை எங்கே பதிகிறீர்களோ அதையே ஆக்குங்கள். ஒரு நிபந்தனை, அது எப்போதும் இணையத்தில் இருக்க வேண்டும். பில் மென்பொருள் கடைக் கணினிக்குள் மட்டும் ஓடுகிறது, கடை பூட்டியதும் கணினியும் நிற்கிறது என்றால் அது உரிமையாளராக முடியாது. இரவு ஒன்பது மணிக்கு வரும் டராஸ் ஓடரை அது காலையில்தான் அறியும். அப்படியான கடையில் தளமே உரிமையாளர். புதிய சரக்கையும் தளத்திலேயே பதியப் பழகுங்கள்.

தளத்தை உரிமையாளராக்கினால் இணைப்புச் செயலியின் செட்டிங்கில் இரண்டு இடத்தைப் பாருங்கள். டராஸ் பக்கத்தில் ‘ஓடர்களை உள்ளே எடு’ என்பது இயங்கட்டும், ‘இருப்பை உள்ளே எடு’ என்பது நிற்கட்டும், ‘இருப்பை வெளியே அனுப்பு’ என்பது இயங்கட்டும். பில் மென்பொருள் பக்கமும் அப்படியே, விற்பனை மட்டும் உள்ளே வரவேண்டும். உங்கள் பில் மென்பொருளுக்கு முழு எண் மட்டுமே அனுப்பத் தெரியும் என்றால், அதைத் தளத்தோடு இணைக்காமல் மாலையில் கடை விற்பனையைக் கையால் கழிப்பதே பாதுகாப்பு. நாளுக்கு இருபது, முப்பது பில் போடும் கடைக்கு இது கால் மணித்தியால வேலை. அந்தக் காலத்தில் இணையத்துக்கு விடும் எண்ணிலிருந்து ஒவ்வொரு வகையிலும் இரண்டைக் குறைத்து வையுங்கள்.

எல்லாம் முடிந்த பின்னர்தான் கையால் எண்ண வேண்டும். கடை பூட்டிய பின்னர் எல்லா இணைப்பையும் நிறுத்துங்கள். அனுப்பப்படாமல் பொதி கட்டி வைத்திருப்பதைத் தனியாக எண்ணுங்கள், அவை ஏற்கெனவே கழிக்கப்பட்டவை. அலுமாரியில் இருப்பதை மட்டும் உரிமையாளரிடம் பதியுங்கள். பிறகு இணைப்புகளை ஒவ்வொன்றாக இயக்குங்கள், ஒன்றை இயக்கி ஒரு விற்பனை சரியாகப் போனதைக் கண்ட பிறகே அடுத்தது. எல்லாவற்றையும் ஒன்றாக இயக்கினால் முதல் நிமிடத்திலேயே பழைய எண்கள் திரும்பி வரக்கூடும்.

ஒன்றே ஒன்று நெய்த சாறியை நிரந்தரமாகவே ஒரு இடத்தில் மட்டும் விற்பதே சரி. எந்த இணைப்பும் ஒரு கணமாவது பிந்தும்.

கேள்வி: காத்தான்குடியில் ஒரு கடையும் ஆரையம்பதியில் ஒரு களஞ்சியமும் வைத்து, ஷொப்பிஃபை என்ற இணையக்கடைச் சேவையில் அபாயா விற்கிறோம். ஷொப்பிஃபை 9 என்கிறது, கணக்கு மென்பொருள் 14 என்கிறது, எண்ணிப் பார்த்தால் 14தான் இருக்கிறது. செயலி பிழையா?
*வாசகர், காத்தான்குடி*

பதில்: உங்கள் இரண்டு எண்ணும் சரியாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. ஷொப்பிஃபை ஒரு பொருளுக்கு ஒரே எண்ணை வைத்திருப்பதில்லை. ‘ஒன் ஹேண்ட்’ என்பது கையில் இருக்கும் மொத்தம். அதற்குள் மூன்று பங்கு உண்டு: விற்கக்கூடியது ‘அவெய்லபிள்’, ஓடர் வந்து இன்னும் அனுப்பப்படாதது ‘கொமிட்டட்’, பழுது போன்ற காரணத்தால் ஒதுக்கியது ‘அனவெய்லபிள்’. 9 விற்கக்கூடியது, 5 அனுப்பக் காத்திருப்பது என்றால் மொத்தம் 14. கணக்கு மென்பொருள் மொத்தத்தைக் காட்டுகிறது, நீங்கள் பார்ப்பது விற்கக்கூடியதை.

ஆபத்து எங்கே என்றால், இணைப்புச் செயலி அந்த 14ஐ எடுத்து ‘அவெய்லபிள்’ இடத்தில் எழுதும்போது. அப்போது ஓடர் ஆன 5 அபாயாவும் மறுபடி விற்பனைக்கு வந்துவிடும். செயலியின் செட்டிங்கில் எந்த எண் எந்த எண்ணோடு பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மொத்தத்தோடு மொத்தம், விற்கக்கூடியதோடு விற்கக்கூடியது என்று இருக்க வேண்டும்.

இரண்டு இடம் வைத்திருப்பதால் இன்னொன்றையும் பாருங்கள். பல செயலிகள் இணைக்கும்போது ஒரே ஒரு இடத்தைத்தான் கேட்கும். அங்கே கடையைத் தெரிவுசெய்திருந்தால், களஞ்சியத்துக்கு வந்த சரக்கும் கடையின் கணக்கில் ஏறும். மொத்தம் சரியாகத் தெரியும், அனுப்பப் போகும்போதுதான் அந்த இடத்தில் பொருள் இருக்காது. ஷொப்பிஃபை உங்களுக்கு ஒரு வசதி தருகிறது: பொருளின் இருப்புப் பகுதியில் மாற்ற வரலாற்றைத் திறந்தால், எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த ஊழியர் அல்லது செயலி எத்தனை கூட்டியது குறைத்தது என்று வரி வரியாக இருக்கும். அந்த வரலாறு குறிப்பிட்ட காலத்துக்கே வைக்கப்படும், ஆகவே சந்தேகம் வந்த அன்றே படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: கல்முனையில் பலசரக்கும் அழகுசாதனமும் இணையத்தில் விற்கிறேன். ஆயிரம் பொருளில் ஒரு நூறு மட்டும் எப்போதுமே ஒத்துவருவதில்லை. மற்றவை எல்லாம் சரி. ஏன் இந்த நூறு மட்டும்?
*வாசகர், கல்முனை*

பதில்: எல்லாம் பிழை என்றால் செட்டிங்கைச் சந்தேகப்பட வேண்டும். சில மட்டும் எப்போதும் பிழை என்றால் குறியீட்டைச் சந்தேகப்படுங்கள். செயலிகள் பொருளின் பெயரை வாசித்துப் பொருத்துவதில்லை, ஒவ்வொரு பொருளுக்கும் நீங்கள் கொடுக்கும் எஸ்கேயு குறியீடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் பொருத்தும்.

முதல் குற்றவாளி எக்செல். இலங்கையில் பதிவான பொருள்களின் பார்கோடு 479இல் தொடங்கும் 13 இலக்கம். அதையே எஸ்கேயுவாக வைத்திருந்தால், எக்செல் அதைச் சாதாரண எண்ணாக எடுத்துக்கொண்டு 4.79ஈ+12 என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சேமித்து ஏற்றினால் உங்கள் உள்ளூர்ப் பொருள் பலவற்றுக்கும் ஒரே குறியீடு. சவர்க்காரம் விற்க ஷம்பூ குறையும். நிரலை முதலில் ‘டெக்ஸ்ட்’ ஆக மாற்றிவிட்டுத்தான் குறியீடுகளை உள்ளே கொண்டுவர வேண்டும். சுருங்கிச் சேமிக்கப்பட்ட கோப்பில் கடைசி இலக்கங்கள் போய்விட்டன, அவற்றைத் திரும்ப எடுக்க முடியாது, பழைய கோப்பைத் தேடுங்கள். 0045 என்று நீங்களே வைத்த குறியீடு 45 ஆகிப்போவதும் இதே காரணத்தால்தான். உள்ளூர்க் குறியீட்டை எழுத்தில் தொடங்கினால் இந்தத் தொல்லை வராது.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. குறியீட்டின் முடிவில் ஒரு வெற்றிடம் இருந்தால் மனிதனுக்கு இரண்டும் ஒன்று, செயலிக்கு வேறு. பட்டியலில் புதிய நிரல் ஒன்றில் குறியீட்டின் நீளத்தை ‘லென்’ சூத்திரத்தால் எடுத்துப் பாருங்கள். 13 இருக்க வேண்டிய இடத்தில் 14 என்றால் அதுதான்.

மூன்றாவது, ஒரே ஷம்பூவின் சிறிய போத்தல், பெரிய போத்தல் போன்ற வகைகள். தாய்ப் பொருளுக்கும் வகைக்கும் ஒரே குறியீடு கொடுத்திருந்தால் செயலி தாய்ப் பொருளில் எழுதிவிட்டு ‘வெற்றி’ என்று பதியும். வாங்குபவர் பார்க்கும் வகையில் எண் மாறாது. குறியீட்டை வகைக்கு மட்டும் கொடுங்கள்.

கேள்வி: மட்டக்களப்பு நகரில் இருந்து வீட்டுத் தயாரிப்புப் பலகாரமும் தேனும் விற்கிறேன். நிறையப் பேர் வங்கியில் பணம் போட்டு ஸ்லிப்பை வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பாதிப் பேர் ஓடர் போட்டுவிட்டுப் பணம் போடுவதில்லை. தளத்தில் ‘முடிந்துவிட்டது’ என்று காட்டுகிறது, தேன் போத்தல் அப்படியே இருக்கிறது. செட்டிங்கில் 60 நிமிடம் என்று இருக்கிறதே, ஏன் விடுவிக்கவில்லை?
*வாசகி, மட்டக்களப்பு*

பதில்: வூகொமர்ஸின் அந்த 60 நிமிடம் ‘பென்டிங் பேமன்ட்’ நிலையில் நிற்கும் ஓடருக்கு மட்டும். அட்டையால் பணம் கட்டத் தொடங்கி நடுவில் விட்டவர்களுக்காக வைத்தது. வங்கி வைப்பைத் தெரிவுசெய்தவரின் ஓடர் ‘ஒன் ஹோல்ட்’ நிலைக்குப் போகும். அந்த நிலைக்குப் போன உடனேயே இருப்பு குறையும், நீங்கள் கையால் ரத்துச் செய்யும்வரை திரும்பாது. பொருள் கிடைத்ததும் பணம் கொடுப்பதாகச் சொல்லும் ஓடர் நேரே ‘புரொசெசிங்’ போகும், அதுவும் உடனே கழிக்கும்.

ஆகவே நாளாந்தம் ஒரு நேரம் வையுங்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு ‘ஒன் ஹோல்ட்’ பட்டியலைத் திறந்து, 24 மணித்தியாலம் தாண்டியும் ஸ்லிப் வராதவற்றை ‘கான்சல்ட்’ ஆக்குங்கள். இருப்பு தானாகத் திரும்பும். இந்த 24 மணித்தியாலத்தைக் கட்டணப் பக்கத்திலேயே எழுதிவிட்டால் மனஸ்தாபம் வராது. ஓடரை ரத்துச் செய்யாமல் நேரே குப்பைக்குள் போடாதீர்கள், நிலையை மாற்றினால்தான் எண் திரும்பும்.

வட்ஸ்அப்பில் நேரடியாக வரும் ஓடரையும் தளத்தில் ஒரு ஓடராகப் பதியுங்கள். பதிந்து ‘பென்டிங்’ நிலையில் விட்டால் இருப்பு குறையாது, ‘புரொசெசிங்’ ஆக்குங்கள். ஓடரே பதியாமல் பொருள் பக்கத்தில் எண்ணை மட்டும் குறைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தக் குறைவு எதனால் வந்தது என்று எவருக்கும் தெரியாது.

கேள்வி: அக்கரைப்பற்றில் இருந்து நாடு முழுக்கக் கூரியரில் பாதணி அனுப்புகிறோம். வாங்காமல் திரும்பி வரும் பொதிகளால் இருப்பு கூடிக்கூடிப் போகிறது. இருப்பதைவிட அதிகமாகக் காட்டுகிறது.
*வாசகர், அக்கரைப்பற்று*

பதில்: ஒரே பொதி இரண்டு முறை திரும்பி வருகிறது, ஒருமுறை கணக்கில், ஒருமுறை கையில். கூரியர் இணைப்புச் செயலி ‘ஏற்க மறுத்தார்’ என்ற செய்தி வந்ததும் ஓடரை ரத்துச் செய்கிறது, அத்தோடு எண் கூடுகிறது. சில நாளில் பொதி கடைக்கு வந்ததும் ஊழியர் பொருள் பக்கத்தில் இன்னும் ஒன்றைக் கூட்டுகிறார். போதாததற்கு, பொதி இன்னும் வண்டியில் இருக்கும்போதே தளம் அதை விற்கத் தொடங்கிவிடுகிறது.

கூரியர் செயலியில் ஓடரை ரத்துச் செய்யும் அதிகாரத்தை நிறுத்துங்கள், நிலையைக் குறிப்பாக எழுத மட்டும் விடுங்கள். பொதி கைக்கு வந்து, பெட்டியைத் திறந்து, இரண்டு செருப்பும் ஒரே அளவா, அடிப்பாகம் அழுக்கா என்று பார்த்த பின்னர் ஒருவர் மட்டும் ஓடர் பக்கத்திலிருந்து திருப்ப வேண்டும். பணம் திருப்பும் இடத்தில் ‘ரீஸ்டொக்’ என்ற பெட்டி இருக்கும், விற்கக்கூடிய நிலையில் இருந்தால் மட்டும் அதில் குறியிடுங்கள். பொருள் பக்கத்தில் எண்ணை மாற்றும் அனுமதியை மற்ற ஊழியர்களிடமிருந்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஏறாவூரில் கைத்தறித் துணியை மீட்டர் கணக்கில் விற்கிறேன். இரண்டரை மீட்டர் விற்றால் தளம் இரண்டு என்று எடுக்கிறது.
*வாசகர், ஏறாவூர்*

பதில்: வூகொமர்ஸ் இயல்பாக இருப்பை முழு எண்ணாகவே வைத்திருக்கும். தசமம் ஏற்கச் செய்யும் செருகுநிரல்கள் இருந்தாலும், இணைக்கப்பட்ட மற்றச் செயலி தசமத்தை வெட்டிவிட்டால் பிழை அங்கே தொடங்கும். எளிய வழி, அலகைச் சிறிதாக்குவது. அரை மீட்டரை ஒரு அலகாக வையுங்கள். 40 மீட்டர்ச் சுருள் 80 அலகு, இரண்டரை மீட்டர் 5 அலகு. விலையும் அரை மீட்டருக்கு. குறைந்தது 4 அலகு வாங்க வேண்டும் என்று வைத்தால் சிறு துண்டுக்கு வெட்டவேண்டி வராது. இரண்டு சுருளின் மீதியைக் கூட்டி ஒரே எண்ணாக வைக்காதீர்கள். 3 மீட்டரும் 2 மீட்டரும் மிஞ்சியிருக்க, தளம் 5 மீட்டர் விற்றுவிடும். வெட்டுத் துண்டுகளைத் தனிப் பொருளாகப் போடுங்கள்.

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடி. தொழில்நுட்பப் பாடம் படிக்கிறேன். மாமாவின் கடைக்கு நானே ஒரு இணைப்புச் செயலி எழுதுகிறேன். ஒரே ஓடர் சில நேரம் இருமுறை கழிகிறது. கரண்ட் போய் வந்தால் ஒன்றுமே வருவதில்லை. எதைக் கவனிக்க வேண்டும்?
*மாணவர், களுவாஞ்சிக்குடி*

பதில்: நல்ல வேலை தம்பி, தொடருங்கள். வெப்ஹூக் செய்தி (ஓடர் போன்ற ஒன்று நடந்ததும் கடைத் தளம் உங்கள் செயலிக்குத் தானாக அனுப்பும் அறிவிப்பு) ஒருமுறைதான் வரும் என்றோ, நடந்த வரிசையில்தான் வரும் என்றோ எண்ணி எழுதக்கூடாது. ஷொப்பிஃபை 5 செக்கனுக்குள் பதிலை எதிர்பார்க்கும், கிடைக்காவிட்டால் மறுபடி அனுப்பும். உங்கள் செயலி முதலில் கழித்துவிட்டு, கணக்கு மென்பொருளில் எழுதி, மின்னஞ்சலும் அனுப்பிவிட்டுக் கடைசியில் பதில் சொன்னால் அதற்குள் இரண்டாவது செய்தி புறப்பட்டிருக்கும். செய்தி வந்ததும் அதை ஒரு அட்டவணையில் சேமித்து உடனே பதில் சொல்லுங்கள், வேலையைப் பின்னால் செய்யுங்கள். அட்டவணையில் ஓடர் எண்ணையும் பொருள் வரியின் எண்ணையும் சேர்த்துத் தனித்துவச் சாவியாக வைத்தால், இரண்டாவது முறை வந்தது தானாகவே தள்ளப்படும்.

நீங்கள் எழுதிய மாற்றமே உங்களுக்கு வெப்ஹூக்காகத் திரும்பி வரும். அதைப் புதிய மாற்றம் என்று எடுத்து மறுபக்கத்துக்கு அனுப்பினால் இரண்டு செயலியும் முடிவில்லாமல் மாறி மாறி எழுதும். கடைசியாக நீங்கள் எழுதிய எண்ணைச் சேமித்து வைத்து, வருவது அதுவே என்றால் விட்டுவிடுங்கள்.

ஷொப்பிஃபையில் எழுதும்போது முடிந்தவரை கூட்டிக் குறைக்கும் கட்டளையைப் பாவியுங்கள். முழு எண் எழுதியே ஆகவேண்டிய இடத்தில், ‘இப்போது 11 இருந்தால் மட்டும் 9 ஆக்கு’ என்று ஒப்பிட்டு எழுதும் வசதி உண்டு. இடையில் எவராவது மாற்றியிருந்தால் கட்டளை தோற்கும். தோற்றால் மறுபடி வாசித்துக் கணக்கிடுங்கள். ஒப்பீட்டைத் தவிர்க்கச் சொல்லும் தெரிவும் அங்கேயே இருக்கிறது, சோதனை இலகுவாக முடிகிறது என்று அதை இயக்கிவிடாதீர்கள்.

கரண்ட் போனால் செய்தி நிற்பதற்குக் காரணம் வூகொமர்ஸ் பக்கத்தில் இருக்கலாம். தொடர்ந்து 5 முறை செய்தியைக் கொடுக்க முடியாமல் போனால் அது வெப்ஹூக்கைத் தானாக முடக்கிவிடும். கரண்ட் வந்தாலும் முடக்கியது முடக்கியதுதான். செட்டிங்ஸில் ‘அட்வான்ஸ்ட்’ பகுதியில் வெப்ஹூக் பக்கத்தில் ‘டிசேபிள்ட்’ என்று நின்றால் மறுபடி ‘அக்டிவ்’ ஆக்குங்கள். விடுபட்ட ஓடர்கள் தாமாக வராது, ஆகவே மணித்தியாலத்துக்கு ஒருமுறை கடைசியாக மாறிய ஓடர்களைக் கேட்டு வாங்கும் பகுதி ஒன்றும் உங்கள் செயலியில் இருக்கட்டும். முந்திய முறை கேட்ட நேரத்திலிருந்து பத்து நிமிடம் பின்னுக்கிருந்து கேளுங்கள். இருமுறை வருவதைத் தனித்துவச் சாவி பார்த்துக்கொள்ளும். மாமாவின் கடைக் கணினியில் செயலியை ஓட்டாமல் வெளியே ஒரு சிறிய சேவரில் வைத்தால், மாரி காலத்தில் கரண்ட் போனாலும் ஓடர்கள் அங்கே சேர்ந்துகொண்டிருக்கும்.